முழு ஹைபிரிட் எஸ்யூவியுடன் மூன்று ஆண்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டொயோட்டா ஹைரைடர், மாருதி சுசுகி கிராண்ட் விட்டாரா இரண்டும் 2022 செப்டம்பரில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த இரட்டைப் பிள்ளைகள். இரண்டும் கர்நாடகத்தின் பிடதியில் உள்ள டொயோட்டா ஆலையில் தயாராகின்றன. முகமும் பெயரும்தான் வேறு. அவற்றில் ஒன்றின் முழு ஹைபிரிட் வகையை 2023 பொங்கலை ஒட்டி வாங்கினேன். குரோம்பேட்டையில் குடியிருந்துகொண்டு, நாள்தோறும் ஜிஎஸ்டி சாலையில் கிண்டிக்குப் போய்வருவதும், ஆண்டுக்கு நான்கைந்து முறை திருநெல்வேலிப் பக்கம் ஊருக்குப் போவதுமாக 46,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். உறவினர்களும், அலுவலக நண்பர்களும், எங்கள் குடியிருப்பில் இதே வண்டி வைத்திருக்கும் மற்ற இரு வீட்டாரும் என்னிடம் கேட்டவற்றையும் நாங்கள் பேசிக்கொண்டவற்றையும் இங்கே பதிலோடு எழுதுகிறேன்.

ஷோரூமில் எல்லா வண்டியையும் ஹைபிரிட் என்கிறார்களே, எது உண்மையான ஹைபிரிட்?

முதலில் தெளிய வேண்டியது இதுதான். இந்த வண்டிகள் இரண்டு வகையாக வருகின்றன. ஒன்று சுசுகியின் 1.5 லிட்டர், நான்கு சிலிண்டர் எஞ்சின் கொண்ட மைல்டு ஹைபிரிட். அதில் ஒரு சிறு மோட்டார் எஞ்சினுக்குக் கை கொடுக்கும். ஆனால் அது மட்டுமே சக்கரத்தைச் சுழற்றி வண்டியை நகர்த்த முடியாது. இன்னொன்று டொயோட்டாவின் 1490 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின் கொண்ட முழு ஹைபிரிட். அதன் எஞ்சின் சுமார் 92 பிஎஸ் (குதிரைத்திறன்), மோட்டார் 80 பிஎஸ், இரண்டும் சேர்ந்து கிடைப்பது சுமார் 115 பிஎஸ். இந்த வகையில் எஞ்சின் முற்றிலும் அணைந்திருக்கும்போதும் வண்டி ஓடும். நான் எழுதுவது முழுவதும் இந்த இரண்டாம் வகையைப் பற்றியே.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஓட்டிப் பார்க்கும்போது ஷோரூம் வாசலிலிருந்து தெரு முனை வரை மெதுவாகப் போங்கள். எஞ்சின் சத்தமே இல்லாமல் வண்டி உருண்டால் அது முழு ஹைபிரிட். இந்த வகையில் கையால் போடும் கியர் கிடையாது, நான்கு சக்கர இழுவையும் கிடையாது. அவை வேண்டுமென்றால் மைல்டு ஹைபிரிட் பக்கம்தான் போக வேண்டும். 2025 செப்டம்பரில் வந்த மாருதியின் விக்டோரிஸ் வண்டியிலும் முழு ஹைபிரிட் வகை உண்டு என்பதால், கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

இரவில் சார்ஜ் போட வேண்டுமா?

வேண்டாம். சார்ஜ் போடுவதற்கான துளையே இதில் இல்லை. எஞ்சினும், பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் ஆற்றலும்தான் பேட்டரியை நிரப்புகின்றன. பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே முக்கால் யூனிட் மின்சாரம்தான். நம்பர் பிளேட்டும் வழக்கமான வெள்ளைதான்; பச்சை பிளேட்டும் அதற்கான சலுகைகளும் முழு மின்சார வண்டிகளுக்கு உரியவை.

நிறுவனம் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்கிறது. உண்மையில் என்ன மைலேஜ் கிடைக்கிறது?

27.97 என்பது அறிமுகத்தின்போது அறிவிக்கப்பட்ட, ஆய்வுக்கூடச் சோதனையில் கிடைத்த எண். ஒரே பங்க்கில், டேங்க் வழியும் வரை நிரப்பி, ஓடிய தூரத்தை அடுத்த முறை நிரப்பிய லிட்டரால் வகுத்து நான் குறித்து வைத்திருக்கும் கணக்கு வேறு. குரோம்பேட்டை முதல் கிண்டி வரையிலான காலை நெரிசலில் லிட்டருக்கு 22 முதல் 24 கிலோமீட்டர் வருகிறது. நெடுஞ்சாலையில் மணிக்கு 80 முதல் 90 வேகத்தில் போனால் 23 வரை கிடைக்கிறது; 100 வேகத்தில் 20 அல்லது 21; பிள்ளைகள் பசிக்கிறது என்று சொல்லி 115ஐத் தாண்டி ஓட்டிய ஒரு பயணத்தில் 17தான் வந்தது. வண்டியின் திரை காட்டும் எண் இந்தக் கணக்கைவிட ஒன்று, ஒன்றரை கூடுதலாகவே இருக்கும் என்பதால் திரையைப் படம் எடுத்து அனுப்புகிறவர்களின் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம்.

நெரிசலில் கூடுதலாகவும் திறந்த சாலையில் குறைவாகவும் வருவது பலருக்கும் வியப்பாக இருக்கிறது, ஏனென்றால் நாம் பழகிய பெட்ரோல் வண்டிகளில் கதை தலைகீழ். காரணம் எளியது. நெரிசலில் ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வீணாகப் போக வேண்டிய ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. அடுத்து வண்டி நகரும்போது அந்த மின்சாரமே அதைத் தள்ளுகிறது. எஞ்சின் பாதி நேரத்துக்கு மேல் தூங்கிக்கொண்டிருக்கிறது. நெடுஞ்சாலையில் பிரேக் பிடிப்பதே அரிது என்பதால் திரும்பக் கிடைக்கும் ஆற்றலும் அரிது. அதோடு, வேகம் இரட்டிப்பானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. ஆகவே தாம்பரத்தைத் தாண்டியதும் இந்த வண்டி சிக்கனமான ஒரு பெட்ரோல் வண்டியாக மாறிவிடுகிறது. அதன் தனித் திறமை தாம்பரத்துக்கு இந்தப் பக்கம்தான்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். காலையில் எடுத்ததும் முதல் இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு எஞ்சின் சூடாவதற்காக ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து காய்கறிக் கடை என்று இரண்டு கிலோமீட்டர் துண்டுகளாக மட்டுமே ஓட்டுகிறவர்களுக்கு லிட்டருக்கு 15, 16தான் வரும். எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டார் வண்டியில் ஏதோ கோளாறு என்று இரண்டு முறை சர்வீஸுக்கு விட்டுவிட்டு வந்தார்கள். கோளாறு ஒன்றும் இல்லை; தூரம் போதவில்லை, அவ்வளவுதான்.

மைலேஜ் கூட வேண்டுமென்றால் ஓட்டும் முறையை மாற்ற வேண்டுமா?

வலது காலை மட்டும் மாற்றினால் போதும். சிக்னல் சிவப்பாக இருப்பது தெரிந்ததும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பிரேக்கை முன்கூட்டியே மென்மையாக அழுத்தத் தொடங்குங்கள். கடைசி நேரத்தில் ஓங்கி மிதித்தால், மோட்டாரால் அந்த ஆற்றலை வாங்கிக்கொள்ள முடியாமல் பிரேக் பேடுகள் அதை வெறும் வெப்பமாக்கிவிடும். கிளம்பும்போது மட்டும் அளவுக்கு மீறி ஊர்ந்து செல்ல வேண்டியதில்லை. ஓரளவு விரைவாக 50ஐ எட்டிவிட்டு, பிறகு காலைத் தளர்த்திச் சென்றால் எஞ்சின் அணைந்து மோட்டார் பொறுப்பேற்றுக்கொள்ளும். மோட்டாரை மட்டும் கொண்டு ஓடவைக்கும் 'ஈவி' பொத்தானை அழுத்திக்கொண்டே ஓட்டினால் மிச்சமாகும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, தீர்ந்த பேட்டரியை நிரப்ப எஞ்சின்தான் பிறகு உழைக்க வேண்டும். அதிகாலையில் அக்கம்பக்கத்தாரை எழுப்பாமல் வண்டியை வெளியே எடுக்க அந்தப் பொத்தான் உதவும். நான் அதற்கு மட்டுமே பயன்படுத்துகிறேன்.

சிக்னலில் நியூட்ரலில் போடலாமா?

போடவே கூடாது. கையால் கியர் போட்டுப் பழகிய நம் எல்லோருக்கும் சிக்னலில் நின்றதும் நியூட்ரலுக்குப் போவது அனிச்சைச் செயல். இந்த வண்டியில் நியூட்ரலில் இருக்கும்போது எஞ்சின் ஓடினாலும் பெரிய பேட்டரி சார்ஜ் ஆகாது. ஏசி, விளக்கு, விசிறி எல்லாம் அதே பேட்டரியைத்தான் உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

ஒரு முறை கண் பரிசோதனைக்குப் போன நாளில் ஓட்ட முடியாமல் ஆக்டிங் டிரைவர் ஒருவரை அழைத்திருந்தேன். நல்ல அனுபவசாலி. பல்லாவரம் தொடங்கி ஒவ்வொரு நிறுத்தத்திலும் நியூட்ரலில் போட்டுக்கொண்டே வந்தார். திரையில் பேட்டரிக் கட்டங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியது. "அண்ணே, டிரைவிலேயே வைத்துப் பிரேக்கை மட்டும் மிதியுங்கள்" என்று சொன்ன பிறகு அடுத்த பத்து நிமிடத்தில் கட்டங்கள் திரும்பி வந்தன. நெடுநேரம் நிற்க வேண்டியிருந்தால் பார்க்கிங்கில் போடுங்கள். இல்லையென்றால் டிரைவிலேயே இருக்கட்டும். வண்டியை யாரிடம் ஓட்டக் கொடுத்தாலும் சாவியோடு இந்த ஒரு வாக்கியத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

எஞ்சின் அணைந்தால் ஏசியும் நின்றுவிடுமா?

நிற்காது. முழு ஹைபிரிட்டில் ஏசியின் கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடுவது. எஞ்சினோடு பெல்ட்டால் கட்டப்பட்டதல்ல. சித்திரை வெயிலில், மீனம்பாக்கத்தில் அசையாமல் நிற்கும்போது, எஞ்சின் அடங்கிக் கிடக்க முகத்தில் குளிர்காற்று வந்துகொண்டே இருப்பது இந்த வண்டி தரும் சுகங்களில் தலையாயது என்று நான் கருதுகிறேன். சில நிமிடங்களுக்கு ஒரு முறை பேட்டரி குறைந்ததும் எஞ்சின் தானாக எழுந்து, நிரப்பிவிட்டு, மீண்டும் அடங்கும். கோடையில் லிட்டருக்கு ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் குறைவதற்கு இந்த ஏசிதான் காரணம்.

மலைப்பாதையில் எப்படி?

ஏறும்போது ஒன்றும், இறங்கும்போது ஒன்றுமாக இரண்டு அனுபவங்கள். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் குடும்பத்தோடு ஏறியபோது பாதி வழியிலேயே பேட்டரி குறைந்துவிட்டது. அதன் பிறகு சுமை முழுவதும் மூன்று சிலிண்டர் எஞ்சினின் தலையில். மிதிக்கிற அளவுக்குச் சத்தம் வருகிறது, சத்தம் வருகிற அளவுக்கு வேகம் வருவதில்லை. வண்டி திணறவில்லை, எங்கும் நிற்கவில்லை. ஆனால் வளைவுக்கு முன்பே மிதித்து வைக்கும் பழக்கம் தேவைப்படுகிறது. ஏறும் தூரத்தில் பவர் நிலையில் வைத்துக்கொள்வது நல்லது.

இறங்குவது சுவையான கணக்கு. ஆட்களோடு சேர்த்து 1,600 கிலோ எடையுள்ள வண்டி 1,200 மீட்டர் உயரம் இறங்கினால், அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 5 யூனிட். பேட்டரியில் கொள்ளுவதோ முக்கால் யூனிட். ஆகவே முதல் சில வளைவுகளிலேயே பேட்டரி நிரம்பிவிடும். மீதமுள்ள ஆற்றல் போவதற்கு இடம் இல்லை. அப்போது டிரைவுக்குக் கீழே உள்ள 'பி' (B) நிலைக்கு மாற்ற வேண்டும். பார்க்கிங்குக்கான எழுத்தோடு (P) இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இது எஞ்சினைக் கொண்டு வண்டியைப் பிடித்து நிறுத்துவதற்கானது. மாற்றியதும், ஆக்சிலரேட்டரில் கால் இல்லாதபோதே எஞ்சின் உறுமத் தொடங்கும். எங்கள் வண்டியில் அது நடந்தபோது பின்னால் இருந்த மாமியார் பதறிப்போய், "மாப்பிள்ளை, ஓரமாக நிறுத்துங்கள், ஏதோ ஆகிவிட்டது" என்றார்கள். ஒன்றும் ஆகவில்லை, பிரேக் பேடுகள் காய்ந்துபோகாமல் இருக்க எஞ்சின் தன் உடம்பைக் கொடுத்து வண்டியைத் தடுக்கிறது. சமவெளிக்கு வந்ததும் டிரைவுக்கு மாற்ற மறக்காதீர்கள்.

நெடுஞ்சாலையில் முந்துவதற்கு வலு போதுமா?

60லிருந்து 80 வரை மோட்டார் உடனடியாகத் தள்ளும். நகரத்தில் இதைவிட வலுவான வண்டிகளுக்குக்கூட இந்த விரைவு வராது. 90க்கு மேல் போய், ஐந்து பேரும் மூட்டை முடிச்சும் இருக்கும்போது, எதிர் வண்டி வரும் இருவழிச் சாலையில் முந்த வேண்டுமென்றால் இடைவெளியைத் தாராளமாகக் கணக்கிடுங்கள். ஓங்கி மிதித்தால் எஞ்சின் ஒரே சுருதியில் இரைந்துகொண்டே இருக்கும், வேகம் பின்னால் மெல்ல வந்து சேரும். கியர் மாறுகிற உணர்வே இராது, ஏனென்றால் வழக்கமான கியர் பெட்டியே இதில் இல்லை. எஞ்சினையும் இரண்டு மோட்டார்களையும் ஒரு கோள் பற்சக்கர அமைப்பு இணைக்கிறது. 1997இல் ஜப்பானில் வந்த பிரியஸ் முதல் டொயோட்டா வளர்த்துவரும் ஏற்பாடு இது. க்ளட்ச் இல்லை, ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை. தேய்ந்துபோக இருக்கும் பொருள்களே குறைவு என்பதுதான் இதன் மேல் எனக்குள்ள நம்பிக்கைக்குக் காரணம்.

டிக்கி சிறியது என்கிறார்களே?

சிறியதுதான். பெரிய பேட்டரி பின்பக்கத்தில் இருப்பதால் முழு ஹைபிரிட்டில் சுமார் 265 லிட்டர் இடமே உள்ளது. மைல்டு ஹைபிரிட்டில் 373. எண்ணைவிடத் தரையின் அமைப்பே முக்கியம்: உயர்ந்துவிடுவதால் பெரிய பெட்டிகளை நிற்க வைக்க முடியாது. ஊரிலிருந்து திரும்பும்போது ஒரு 25 கிலோ அரிசி மூட்டை, பதினைந்து தேங்காய், ஒரு நடுத்தரப் பெட்டி, அம்மா கட்டிக் கொடுக்கும் வற்றல் பை ஆகியவற்றோடு டிக்கி நிரம்பிவிடுகிறது. வாங்குவதற்கு முன் உங்கள் வீட்டுப் பெட்டிகளை ஷோரூமுக்கே எடுத்துப் போய் வைத்துப் பாருங்கள். நாங்கள் அப்படிச் செய்யாமல், முதல் தீபாவளிப் பயணத்தில் பாதிச் சாமானைப் பிள்ளைகளின் காலடியில் வைத்துக்கொண்டு போனோம்.

பின்னிருக்கையில் இரண்டு பெரியவர்களும் ஒரு குழந்தையும் வசதியாக உட்காரலாம். மூன்று பெரியவர்கள் என்றால் விழுப்புரம் வரை பொறுத்துக்கொள்ளலாம்.

கூடுதல் விலை எப்போது திரும்பக் கிடைக்கும்?

அறிமுகத்தின்போது ஹைரைடரின் முழு ஹைபிரிட் வகைகள் 15.11 லட்சம் முதல் 18.99 லட்சம் வரை இருந்தன. சாலை வரிக்கும் பதிவுக்கும் முந்தைய விலை அது. ஒத்த வசதிகளுள்ள மைல்டு ஹைபிரிட்டுக்கும் இதற்கும் எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சம் வேறுபாடு என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், நகர ஓட்டத்தில் அது 14, இது 22 என்று கணக்கிட்டால், ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு மிச்சம் ஏறத்தாழ 39,000 ரூபாய். கூடுதலாகப் போட்ட பணம் திரும்ப ஏறத்தாழ ஆறரை ஆண்டு ஆகும். ஆண்டுக்கு 25,000 ஓட்டினால் நான்கு ஆண்டுக்குள் திரும்பிவிடும். 8,000 மட்டுமே ஓட்டுகிறவருக்குப் பன்னிரண்டு ஆண்டு ஆகும் என்பதால், காசுக்காக மட்டும் அவர் இதை வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஓட்டம் பெரும்பாலும் நெடுஞ்சாலையில் என்றால் இரண்டு வண்டிகளுக்கும் மைலேஜ் வேறுபாடு சுருங்கி, கணக்கு இன்னும் நீளும்.

உங்கள் ஒரு வார ஓட்டத்தை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: எத்தனை கிலோமீட்டர், அதில் எவ்வளவு நெரிசலில். அந்தத் தாள் சொல்வதை எந்த விற்பனையாளரும் சொல்ல மாட்டார்.

பெரிய பேட்டரி போய்விட்டால் லட்சக்கணக்கில் செலவாகுமே?

எல்லோரும் அஞ்சுவது இதற்குத்தான். பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை நிறுவனத்தின் உத்தரவாதம் உண்டு. கைப்பேசியை நாம் நூறு வரை நிரப்பி, ஒன்று வரை தீர்க்கிறோம். இந்த வண்டி தன் பேட்டரியை ஒருநாளும் அப்படி விடுவதில்லை. முழுவதும் நிரப்பாமலும் முழுவதும் தீர்க்காமலும் நடுவிலேயே வைத்துப் புழங்குவதால் அது நெடுநாள் உழைக்கிறது.

நம் பங்குக்குச் செய்ய வேண்டியது வெப்பத்திலிருந்து காப்பது. டொயோட்டாவின் ஹைபிரிட் வண்டிகளில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று பொதுவாகப் பயணிகள் அமரும் பகுதியிலிருந்தே இழுக்கப்படுகிறது. அதற்கான சல்லடைத் திறப்பு எங்கே இருக்கிறது என்பதை உரிமையாளர் கையேட்டில் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். துண்டோ, பையோ, விளையாட்டுப் பொம்மையோ அதை மூடக் கூடாது. எங்கள் வண்டியில் மாதம் ஒரு முறை அதன் மேல் படிந்த தூசியை மென்மையான தூரிகையால் தட்டி எடுக்கிறேன். நாய், பூனை ஏற்றுகிறவர்கள் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும். முடி சல்லடையை அடைத்துவிடும்.

வண்டி ஒரு நாள் ஸ்டார்ட் ஆகவே இல்லை. பெரிய பேட்டரிதான் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை, போயிருப்பது சிறிய 12 வோல்ட் பேட்டரி. வண்டியின் கணினிகளை எழுப்பி, பெரிய பேட்டரியை இணைத்து, திரையில் 'ரெடி' என்ற சொல்லை வரவைப்பது இந்தச் சிறிய பேட்டரிதான். அது செத்தால் பெரியது நிறைந்திருந்தும் பயனில்லை.

இது எனக்கே நடந்தது. தங்கை வீட்டுக் கல்யாணத்துக்கு ரயிலில் போய்ப் பதினாறு நாள் கழித்துத் திரும்பினேன். ரிமோட்டை அழுத்தினால் கதவு திறக்கவில்லை. ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை உருவிக் கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு விளக்குகூட எரியவில்லை. துணைக்கருவிக் கடை ஒன்றில் பொருத்திய டேஷ்கேமை, வண்டி அணைந்திருக்கும்போதும் ஓடும்படி இணைத்துக் கொடுத்திருந்தார்கள்; கேட்டு வாங்கியதும் நான்தான். பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து கேபிள் போட்டு, கையேட்டில் காட்டியபடி இணைத்ததும் ஐந்து நிமிடத்தில் 'ரெடி' வந்தது. அன்றே அந்த இணைப்பை எடுத்துவிட்டேன்.

வாரம் ஒரு முறையாவது அரைமணி நேரம் ஓட்டுங்கள். ஓட்ட முடியாவிட்டால் பார்க்கிங்கில் வைத்து 'ரெடி' நிலையிலேயே அரைமணி நேரம் விடுங்கள், ஆனால் மூடிய கேரேஜில் வேண்டாம். எஞ்சின் தானாக எழும், புகை உள்ளேயே தங்கும்.

சர்வீஸ் செலவு? உள்ளூர் மெக்கானிக்கிடம் விடலாமா?

10,000 கிலோமீட்டருக்கோ ஆண்டுக்கோ ஒரு முறை ஆயில், ஃபில்டர், பொதுச் சோதனை. சாதாரணப் பெட்ரோல் வண்டிக்கு ஆகும் செலவுதான் எனக்கு ஆகிறது. பிரேக் பேடுகள் 46,000 கிலோமீட்டரிலும் பாதிக்கு மேல் மிச்சம் இருப்பதாகச் சொன்னார்கள்; வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டாரே செய்துவிடுவதால் இப்படி. டயர், வைப்பர், பல்பு போன்றவற்றை உங்களுக்கு நம்பிக்கையான எந்தக் கடையிலும் பார்க்கலாம். ஆரஞ்சு நிற உறை போட்ட கேபிள்களை மட்டும் பயிற்சி பெற்றவர் தவிர யாரும் தொடக் கூடாது. அவை உயர் அழுத்த மின்சாரம் ஓடுகிறவை. வாட்டர் வாஷ் கடையில் பானட்டைத் திறந்து அழுத்தத்தோடு தண்ணீர் அடிக்க விடாதீர்கள்.

எலித் தொல்லை?

எல்லா வண்டிக்கும் உள்ளதுதான். இதில் கடித்தால் செலவு கூடுதல். இரவில் சாப்பாட்டுக் கழிவுக்குப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள், வாரம் ஒரு முறை பானட்டைத் திறந்து பாருங்கள்.

இ20 பெட்ரோலால் பாதிப்பு உண்டா?

எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்தால் மைலேஜ் ஆறேழு விழுக்காடு குறைய வேண்டும் என்பது கணக்கு. நகர ஓட்டத்தில் எனக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் வரை குறைந்திருப்பது அதோடு ஒத்துப்போகிறது. உங்கள் வண்டி தயாரான மாதத்துக்கு எந்த எரிபொருள் பொருந்தும் என்பது கையேட்டிலும் டேங்க் மூடியிலும் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

சத்தமே இல்லாமல் நகர்வது ஆபத்தில்லையா?

கவனம் தேவை. எங்கள் தெருவில் வண்டிக்கு அடியில் ஒரு நாய் படுத்துக்கொள்ளும். பழைய வண்டியை ஸ்டார்ட் செய்ததும் எழுந்து ஓடிவிடும். இந்த வண்டிக்கு அது அசைவதே இல்லை. ஆகவே இப்போது குனிந்து பார்த்துவிட்டு, கதவை ஒரு முறை தட்டிவிட்டுத்தான் ஏறுகிறேன். குறுகிய தெருவில் முன்னால் நடந்து போகும் முதியவர்களுக்கும் நாம் பின்னால் வருவது தெரியாது. ஹாரன் அடித்துத் திடுக்கிட வைக்காமல், அவர்கள் ஒதுங்கும் வரை காத்திருங்கள்.

இறங்கும்போது இதன் மறுபக்கம். எஞ்சின் அடங்கியிருப்பதால் வண்டியை அணைத்துவிட்டோம் என்று நினைத்து, 'ரெடி' நிலையிலேயே விட்டுப் போய்விட வாய்ப்பு உண்டு. திரை முழுவதும் இருண்டதைப் பார்த்த பிறகே கதவைச் சாத்துங்கள்.

மழை வெள்ளத்தில்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் வண்டிகள் மிதந்ததை மறக்க முடியாது. மழைநீர் தேங்கிய சாலையில் மற்ற வண்டிகள் போகிற ஆழத்துக்கு இதுவும் போகும். 210 மில்லிமீட்டர் தரை இடைவெளி அதற்கு உதவும். ஆனால் நிறுத்தி வைத்த வண்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால், வடிந்த பிறகும் பொத்தானை அழுத்திப் பார்க்காதீர்கள். சர்வீஸ் நிலையத்துக்குச் சொல்லி, முழு வண்டியையும் மேலே ஏற்றிச் செல்லும் லாரியில் அனுப்புங்கள். முன்சக்கரங்கள் தரையில் உருளும்படி கட்டி இழுத்தால் அவற்றோடு மோட்டாரும் சுழலும்; அது கூடாது. இன்சூரன்ஸ் எடுக்கும்போது, பேட்டரி, மோட்டார், இன்வெர்ட்டர் ஆகியவை வெள்ளச் சேதத்தில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இதற்குப் பதில் மின்சார வண்டியே வாங்கிவிடலாமா?

வீட்டிலேயே சார்ஜ் போட இடம் இருந்து, நாள் ஓட்டம் நகரத்துக்குள் என்றால், செலவுக் கணக்கில் மின்சார வண்டியே முந்தும். எனக்குப் பொதுப் பார்க்கிங். சார்ஜர் வைக்கச் சங்கத்தில் ஒப்புதல் கிடைக்கவில்லை. ஊருக்கு 600 கிலோமீட்டர். தாம்பரத்தில் 45 லிட்டர் டேங்க்கை நிரப்பினால் திருநெல்வேலியில் இறங்கும்போது கால்பங்குக்கு மேல் மிச்சம் இருக்கிறது. என் நிலைமைக்கு இது பொருந்தியது.

பழைய முழு ஹைபிரிட் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

சர்வீஸ் பதிவு முழுவதும் இருக்க வேண்டும். பேட்டரி உத்தரவாதத்தில் எவ்வளவு மிச்சம் என்று கேளுங்கள். வண்டி எண்ணைக் கொடுத்து, நிறுவனம் திரும்ப அழைத்த பழுதுகள் சரிசெய்யப்பட்டுள்ளனவா என்று சர்வீஸ் நிலையத்தில் விசாரியுங்கள். ஹைபிரிட் அமைப்பின் கணினிச் சோதனையை உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள். பேட்டரியைக் குளிர்விக்கும் காற்றுச் சல்லடையைத் தொட்டுப் பாருங்கள்; விரலில் தடித்த தூசி ஒட்டினால் முந்தைய உரிமையாளர் எப்படி வைத்திருந்தார் என்பது தெரிந்துவிடும். பின்னிருக்கைக்கு அடியில் கம்பளத்தைத் தூக்கி, சேற்று வாடை வருகிறதா என்று பாருங்கள். முக்கியமாக, எஞ்சின் ஆறியிருக்கும்போது பாருங்கள். நீங்கள் போகும்போது பானட் சூடாக இருந்தால், மறுநாள் காலை ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.